வெள்ளத்தில் மாட்டிய வீடும் ஐஸ் பெட்டியும்: மேடையில் அவல நகைச்சுவை

சாவு, துயரம் நடுவே சிரிப்பு வரும் அவல நகைச்சுவை நாடகத்துக்கு ஜோக் எழுதக் கூடாது. நிமிஷத்துக்கு இரண்டு சிரிப்பு கேட்டுப் பழகிய சென்னை சபா மேடைக்கு இது கசக்கும். கசந்தாலும் இதுதான் வழி.

ஒரு கதையை வைத்தே பார்ப்போம். 2015 டிசம்பர் 1 இரவு. செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து வினாடிக்கு 29,000 கன அடி தண்ணீர் திறந்துவிட்டார்கள். ஜாபர்கான்பேட்டையில் அடையாற்றோரம் ஒரு வீடு. காலையில் தாத்தா தவறிவிட்டார். மாடியில் ஐஸ் பெட்டி. கரண்ட் இல்லை, எடுத்துப்போக வழியில்லை. பிள்ளைகள், மருமகள், மாப்பிள்ளை எல்லாரும் அதே அறையில்.

பிணத்தை வைத்துச் சிரிப்பு மூட்டினால் ஒரு தடவை எடுபடும், அப்புறம் கதை செத்துவிடும். உயிரோடு இருப்பவர்களைப் பார்த்துத்தான் சிரிக்க வேண்டும். காட்சிக்கு ஒன்று தீரட்டும்: போன் சார்ஜ், கேன் தண்ணீர், மெழுகுவத்தி. தீரத் தீர மரியாதையும் ஒரு படி இறங்கட்டும். "மாப்பிள்ளை, நீங்க உக்காருங்க" என்று ஆரம்பிக்கும் மூத்த மகன், பாதியில் "மாப்ள, ஒரு கை குடுங்க" என்பான், கடைசியில் "யோவ், தூக்குய்யா". இரண்டாவது காட்சியிலேயே 'யோவ்' வந்துவிட்டால் அதற்கு மேல் போக இடமில்லை. பெரும்பாலான பிரதிகள் படுப்பது இங்கேதான்.

மேடையில் தண்ணீர் ஊற்றாதீர்கள். மைக் ஒயர் கிடக்கிறது, நடிகர் வழுக்குவார். கீழிருந்து மாடிக்கு ஏறும் சாமான்களே வெள்ளத்தைக் காட்டும்: செருப்பு, அரிசி மூட்டை, இன்வெர்ட்டர் பேட்டரி, சிலிண்டர், கடைசியாகச் சாமி படங்கள். தெர்மகோல் சிலிண்டர் வேண்டாம். காலி சிலிண்டரே சுமார் 15 கிலோ. அந்தக் கனம் கையில் தெரிய வேண்டும். ஐஸ் பெட்டியின் கண்ணாடியைக் கழற்றிவிடுங்கள், இல்லாவிட்டால் முன்வரிசை கண்ணில் விளக்கு அடிக்கும். உள்ளே ஆளைப் படுக்க வைக்காதீர்கள், துணிமூட்டை போதும். மழைச் சத்தம் முதல் பத்து விநாடி மட்டும் முழுசாக. பிறகு கேட்டும் கேட்காமலும் இருக்கட்டும். அந்த இரைச்சல் ச, ஸ எழுத்துகளைத் தின்றுவிடும், பின்வரிசைக்கு வசனம் போய்ச் சேராது.

சிரிப்பு பாதி அடங்கியதும் அடுத்த வசனம். முழுக்க அடங்கக் காத்திருந்தால் பதற்றம் வடிந்துவிடும். அந்தப் பாதி அடங்கும்வரை நடிகர் சும்மா நிற்காமல், பெட்டிக்குக் கயிறு கட்டுவது போல கையில் இருக்கிற வேலையைத் தொடரட்டும்.

இடைவேளை கேட்பார்கள், கேன்டீன் வியாபாரம் இருக்கிறதே. தராதீர்கள். விளக்கு போட்டால் வெள்ளம் வடிந்ததாகிவிடும். 90 நிமிஷம், ஒரே மூச்சு.

முடிவில் மீனவர் படகு வரலாம். பெட்டிக்கு இடமில்லை என்று படகுக்காரர் அவசரத்தில் சொல்லட்டும், யார் இறங்குவது யார் இருப்பது என்று சண்டை தொடரட்டும். அந்த இடத்தில் ஒருவர் மனிதநேயம் பற்றிப் பேச ஆரம்பித்தால் அதுவரை பட்ட பாடு அத்தனையும் வீண்.