ஆந்தைக்குப் பகலில் கண் தெரியும்

வேப்பமரப் பொந்தில் ஆந்தைக் குடும்பம் வந்திருப்பதாக ஒருவர் மகிழ்ச்சியோடு படம் போட்டிருக்கிறார். அதற்குக் கீழே, "பகலில் அதற்குக் கண் தெரியாது, எளிதாகப் பிடித்து விரட்டிவிடலாம், அலறினால் வீட்டுக்கு ஆகாது" என்று ஒரு பதில். இது தவறு.

படத்தில் இருப்பது புள்ளி ஆந்தை. பகலிலும் நன்றாகவே பார்க்கும். பொந்து வாசலில் உட்கார்ந்து வெயில் காய்ந்தபடி, நம்மைக் கண்டால் தலையை மேலும் கீழும் ஆட்டி முறைக்கும். (எங்கள் தெருப் பூவரசில் இருந்த ஜோடி பூனையை முறைக்கிற முறைப்பு தனி அழகு!) அது எழுப்பும் கிறீச்சொலி ஜோடியை அழைக்கவும் எல்லையைக் காக்கவும்தான். குஞ்சுகள் கத்தினால் பசி, அவ்வளவே.

வண்டு, வெட்டுக்கிளி, பல்லி, எலி என்று பிடித்துத் தின்னும் பறவை இது. டெல்டா வயல்களில் எலியைப் பிடிக்க ஆந்தைகள் வரட்டும் என்று விவசாயிகள் குச்சி நட்டு வைக்கிறார்கள். நாம் விரட்டுவதா?

அப்புறம், பிடிப்பதும் கூட்டைக் கலைப்பதும் 1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். நன்றாக இறகு முளைத்த குஞ்சு கீழே கிடந்தாலும் வீட்டுக்குள் கொண்டுபோகாதீர்கள். பூனைக்கு எட்டாத கிளையில் வைத்தால் போதும், தாய் தேடி வந்து ஊட்டும்.