அந்த அக்கா போன் வைத்திருந்தால் உங்களுக்கு என்ன?

மலை மக்களின் வீடுகளைத் திறந்தவெளியில் கட்டிக் காட்டும் பூங்காவுக்கு ஞாயிற்றுக்கிழமை நம் குழு போன பயணத்தில் எடுத்த அந்த வீடியோவைப் பற்றி இனி யாரும் பேச வேண்டாம் என்று குழுவில் சொல்லிவிட்டார்கள். சரி, குழுவில் பேசவில்லை. என் பக்கத்தில் எழுதுகிறேன்.

பெங்களூருத் தமிழர்களில் அதைப் பார்க்காதவர்கள் குறைவு. ஆனால் வீடியோவில் முதல் பாதி கிடையாது. நான் பக்கத்தில் நின்றிருந்தேன். சோளகர் என்கிற மலைப் பழங்குடியினரின் வீடு என்று பலகை வைத்த குடிசை. மூங்கில் தட்டியில் மண் பூசி, மேலே புல் வேய்ந்தது. வாசலில் ஓர் அக்கா ராகி புடைத்துக்கொண்டிருந்தார். போன் அடித்தது. முறத்தைக் கீழே வைத்துவிட்டு எடுத்துப் பேசினார். நம் ஆள் ஒருவர் உடனே கன்னடத்தில், "போனை உள்ளே வைங்கம்மா, போட்டோ கெட்டுப்போகுது" என்றார். அந்த அக்கா பேச்சைப் பாதியில் நிறுத்தி, போனை மடியில் செருகிக்கொண்டு மறுபடி முறத்தை எடுத்தார். அதைத்தான் சிரிப்புப் பொம்மைகள் போட்டு, "காட்டுவாசிக்கும் வாட்ஸ்அப் வந்தாச்சு" என்று பரப்பினீர்கள்.

அவர் பேசிக்கொண்டிருந்தது மைசூரில் ஹாஸ்டலில் தங்கிப் படிக்கும் மகனிடம். பரீட்சைக் கட்டணம் கட்ட அன்றைக்குக் கடைசி நாளாம். கூட்டம் நகர்ந்த பிறகு அவரே சொன்னார்.

நான் சொல்வது ஒன்றே ஒன்றுதான். அவர் காட்சிப் பொருள் இல்லை. அங்கே வேலைக்கு வந்திருக்கும் மனுஷி. போன் வைத்திருப்பதால் அவர் சோளகர் இல்லாமல் போய்விட மாட்டார். நீங்கள் ஐபோன் வைத்திருப்பதால் தமிழர் இல்லாமல் போய்விட்டீர்களா?

சோளகர்கள் யார் என்று தெரியாமலே சிரிக்கிறீர்கள், அதுதான் எனக்கு அதிகம் வலிக்கிறது. கர்நாடகத்தில் சாமராஜநகர் பக்கம் பி.ஆர். மலை என்கிற பிலிகிரிரங்கன் மலையிலும், இந்தப் பக்கம் நம் சத்தியமங்கலம், தாளவாடிக் காடுகளிலும் வாழ்கிறவர்கள். பி.ஆர். மலையை 1974-ல் சரணாலயம் ஆக்கினார்கள். காட்டுக்குள் இருந்தவர்களை வெளியேற்றினார்கள், காட்டைத் திருத்திப் பயிர் செய்வதும் நின்றது. 2011-ல் அதே காடு புலிகள் காப்பகமானது. அந்த ஆண்டிலேயே, 2006 வனவுரிமைச் சட்டத்தின்படி, காப்பகத்துக்குள் தேனும் நெல்லிக்காயும் கல்பாசியும் எடுக்கும் சமூக உரிமையைப் போராடி வாங்கினார்கள். புலிகள் காப்பகத்துக்குள் அப்படி உரிமை பெற்றதில் நாட்டிலேயே முதல் ஆட்கள் இவர்கள். அதற்கு முன்பே ஆய்வாளர்களோடு சேர்ந்து ஜிபிஎஸ் கருவியைக் கையில் பிடித்துக்கொண்டு காடெல்லாம் நடந்து, தெய்வம் இருக்கும் இடம், முன்னோரைப் புதைத்த இடம், சுனை என்று ஏறக்குறைய 500 இடங்களை வரைபடத்தில் ஏற்றினார்கள். முனைவர் பட்டம் வாங்கியவரும் அவர்களிலேயே உண்டு. இவர்கள் கையில் ஒரு போன் இருப்பதுதான் உங்களுக்கு வேடிக்கையாகப் போயிற்று.

"அக்கா, அவங்களுக்கும் அதுல வருமானம்தானே, நீங்க ஏன் இவ்வளவு கோபப்படுறீங்க?" என்று ஒரு தம்பி கேட்டிருக்கிறார். வருமானம்தான் தம்பி. வாங்குகிற கூலி ராகி புடைத்துக் காட்டுவதற்கு. வந்த போனை எடுக்கக் கூடாது என்பதற்கு யார் கூலி கொடுத்தார்கள்? நீங்கள் அலுவலகத்தில் அம்மாவோடு போனில் பேசும்போது ஒருவர் வந்து, "அதை ஒளித்து வை, நீ வேலை செய்கிற மாதிரி எனக்கு ஒரு போட்டோ வேணும்" என்றால் சும்மா இருப்பீர்களா?

அப்படியானால் இந்த மாதிரிப் பூங்காவே வேண்டாமா என்று கேட்பவர்களுக்கு: நான் அப்படிச் சொல்லவில்லை. 1891-ல் ஸ்டாக்ஹோமில் ஸ்கான்சன் என்கிற திறந்தவெளி அருங்காட்சியகம் திறந்த காலத்திலிருந்து உலகம் முழுக்க இப்படித் திறந்தவெளியில் வீடு கட்டிக் காட்டுகிறார்கள். எனக்குப் பிடித்த இடம்தான், மறுபடியும் போவேன். காட்டுக்கொடியை முறுக்கிப் பின்னிய தேன் ஏணி ஒன்று அங்கே தொங்குகிறது. கால் வைக்கிற ஒவ்வொரு வளையமும் முந்தியதன்மேல் இறுகி ஏறியிருக்கிறது, ஆணியும் இல்லை, கம்பியும் இல்லை. அதன் பக்கத்திலிருந்து நகரவே எனக்கு மனசு வரவில்லை. ஆனால் ஏணியை வேடிக்கை பார்க்கலாம், ஆளை அப்படிப் பார்க்கலாமா?

"சும்மா விளையாட்டுக்கு" என்கிறீர்கள். 1958-ல் பிரஸ்ஸல்ஸ் உலகக் கண்காட்சியில் காங்கோ மக்களைக் கொண்டுவந்து ஒரு கிராமம் அமைத்து உட்காரவைத்தார்கள். பார்க்க வந்தவர்கள் விளையாட்டுக்குத்தான் வாழைப்பழம் எறிந்தார்கள். அவமானம் தாங்காமல் அந்தக் காங்கோ மக்கள் ஊருக்குக் கிளம்பிப் போனார்கள். 2012-ல் வெளியான அந்தமான் வீடியோவில் ஜாரவாப் பழங்குடிப் பெண்களை ஆடச் சொன்னவர்களுக்கும் அது விளையாட்டுத்தான். அன்றைக்கு நாடே கொதித்தது. நீங்களும் கொதித்திருப்பீர்கள்.

அந்தக் குடிசைப் பலகையை ஒருவராவது படித்தீர்களா? நான் படித்தேன். உணவு, நகை, நடனம், அவ்வளவுதான். வீரப்பனைத் தேடிய காலத்தில் மாதேஸ்வரன் மலையில் இரண்டு மாநில அதிரடிப்படையும் இந்த மலை மக்களை என்ன பாடு படுத்தியது, தேசிய மனித உரிமை ஆணையம் அமைத்த சதாசிவா குழு அதை விசாரித்தது, 2007-ல் ஆணையம் 89 பேருக்கு இழப்பீடு கொடுக்கச் சொன்னது, இதில் ஒரு வரியும் அங்கே இல்லை. நடனம் மட்டும் தெரிந்தால் போதும் என்று யார் முடிவு செய்தது?

எனக்கு ஏன் இவ்வளவு ரோஷம் என்கிறீர்களா? நான் கோலார் தங்கவயல்காரி. தாத்தா வேலூர்ப் பக்கத்திலிருந்து சுரங்கத்துக்கு வந்தவர். 2001-ல் சுரங்கத்தை மூடினார்கள். அப்புறம் எங்கள் ஊரைத் தேடி வந்தவர்கள் பெரும்பாலும் கேமரா தூக்கியவர்கள். ஒருமுறை ஒருவர் எங்கள் லைன் வீட்டு வாசலில் அம்மாவை நிற்கச் சொன்னார். நைட்டி வேண்டாம், பழைய புடவை கட்டுங்கள் என்றார். பிளாஸ்டிக் நாற்காலியை நகர்த்தினார். கூரைமேல் இருந்த டிஷ் தெரியாதபடி குனிந்து குனிந்து எடுத்தார். அம்மா நல்ல புடவை கட்டிக்கொண்டு வந்தபோது அவர் முகம் போன போக்கை நான் மறக்கவில்லை. அந்த டிஷ் அம்மா சீட்டு கட்டி வாங்கியது. அதுவும் எங்கள் ஊர்க் கதைதான். தங்கம் எடுத்துக் கொடுத்த குடும்பம் பாழடைந்த வீட்டில் அழுக்குப் புடவையோடு நின்றால்தான் உங்களுக்குப் படம், நிமிர்ந்து நின்றால் படம் கெட்டுப்போகிறது, இல்லையா?

"எதையும் பெரிசாக்குகிறாள்" என்று நேற்று ஒருவர் எழுதியிருந்தார். பெரிசாக்கத்தான் செய்வேன். அந்த அக்காவின் முகம் தெரியும் வீடியோ அவரைக் கேட்காமல் பல நூறு பேர் கைக்குப் போய்விட்டது. அவர் மகன் கையிலும் போன் இருக்கிறது, அவனுக்கும் வந்து சேரும். அம்மாவைக் காட்டுவாசி என்று சிரிப்பதை அவன் ஹாஸ்டலில் உட்கார்ந்து பார்ப்பான்.

அடுத்த மாதம் பி.ஆர். மலைக்கே பயணம் போடுகிறீர்களாம். அங்கே இருப்பது பூங்கா இல்லை, ஜனங்கள் குடியிருக்கிற ஊர். வாசலில் நின்று கூப்பிட்டுவிட்டு உள்ளே போங்கள். தேன் வாங்கினால் விலையைக் குறைக்கச் சொல்லாதீர்கள். என் பெயரை அந்தப் பட்டியலில் சேர்க்க வேண்டாம்.