உள்ளே பார்க்காமல் ஊற்றாதீர்கள்

ஊட்டிப் பக்கம் கேத்தியில் இருக்கும் அண்ணனின் ஆம்னி வேனில், பட்டறைக்காரர் எஞ்சினுக்குள் கசடைக் கழுவும் ஃப்ளஷை ஊற்றினார், எஞ்சின் போய்விட்டது. அதைப் பற்றி நான் எழுதியதற்குச் சனிக்கிழமையிலிருந்து கமெண்டில் சண்டை நடக்கிறது. முழுச் சண்டையையும் மறுபடி சொல்லப் போவதில்லை. பேசாமல் இருந்துவிடலாம் என்றுதான் நினைத்தேன். நேற்று ராத்திரி அண்ணனைத் திட்டி வந்த ஒரு கமெண்டைப் படித்த பிறகு முடியவில்லை.

நான் சொன்னது ஒன்றே ஒன்றுதான். பழைய எஞ்சினுக்குள் என்ன இருக்கிறது என்று பார்க்காமல் ஃப்ளஷ் ஊற்றாதீர்கள். ஃப்ளஷே கூடாது என்று நான் எங்கும் எழுதவில்லை. திரும்பவும் போய்ப் படித்துப் பாருங்கள்.

அந்த ஃப்ளஷ் டப்பாவில் இருப்பது கரைப்பான். பழைய ஆயிலோடு கலந்து பத்துப் பதினைந்து நிமிடம் ஐடிலில் ஓடவிட்டு வடித்துவிடுவார்கள். லேசான படிவாக இருந்தால் கரைந்து ஆயிலோடு வந்துவிடும். பல வருஷத்துக் கசடு தார் மாதிரி இறுகிப் போயிருந்தால் எல்லாம் கரையாது, கட்டி கட்டியாகப் பெயரும். அது சேம்பரின் (எஞ்சினுக்குக் கீழே ஆயில் நிற்கும் தொட்டி) அடியில் இறங்கி, ஆயில் பம்ப் உறிஞ்சுகிற இடத்தில் உள்ள ஸ்ட்ரெய்னர் வலையில் போய் அடைத்துக்கொள்ளும். புது ஆயில் ஊற்றியிருப்பீர்கள், டிப்ஸ்டிக்கில் அளவும் சரியாகக் காட்டும், ஆனால் பேரிங்குக்கு ஆயில் போகாது.

அண்ணன் வண்டிக்கு நடந்தது இதுதான். ஃப்ளஷ் செய்த மூன்றாம் நாள், மேட்டுப்பாளையம் மண்டியில் கேரட்டை இறக்கிவிட்டுத் திரும்பும்போது, பர்லியார் தாண்டி ஏற்றத்தில் எஞ்சின் சுழலாமல் இறுகிப் பிடித்துக்கொண்டது. சேம்பரைக் கழற்றும்போது நான் பக்கத்தில் நின்றேன். ஸ்ட்ரெய்னரில் வலையே தெரியவில்லை. விரலால் வழித்தால் காபி வண்டல் மாதிரி வந்தது. இதைக் கண்ணால் பார்த்துவிட்டு வந்துதான் எழுதினேன்.

'ஆயில் மாற்றாமல் ஓட்டியிருப்பார், அதனால்தான் கசடு' என்கிறார்கள். அவர் மாற்றிக்கொண்டுதான் இருந்தார், கிலோமீட்டர் பார்த்து மாற்றினார். நம் ஊரில் கிலோமீட்டர் மட்டும் பார்த்தால் போதாது. ஊட்டி 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஜனவரி காலையில் தலைக்குந்தா பக்கம் புல்லெல்லாம் வெள்ளையாகக் கிடக்கும். அந்தக் குளிரில் ஸ்டார்ட் செய்து, பிள்ளையைப் பள்ளியில் விட்டுவிட்டு, இரண்டு கிலோமீட்டரில் வீடு திரும்பி நிறுத்தினால் ஆயில் சூடாகவே ஆகியிருக்காது. பெட்ரோல் எரியும்போது உண்டாகும் நீராவியும் எரியாத பெட்ரோலும் பிஸ்டன் ரிங்கைத் தாண்டிக் கீழே இறங்கும். சூடு இருந்தால் ஆவியாகி வெளியேறும், இல்லாவிட்டால் ஆயிலோடு கலந்து அங்கேயே தங்கும். ஆயில் மூடியைத் திறந்தால் உள்பக்கம் வெண்ணெய் தடவின மாதிரி இருக்கிறதே, அது இந்தத் தண்ணீர்தான். (ரேடியேட்டர் தண்ணீரும் கூடவே குறைந்தால் அது வேறு வியாதி, ஹெட் கேஸ்கட்டைப் பாருங்கள்.) வண்டியோடு வரும் புத்தகத்தில் குறைந்த தூர ஓட்டத்துக்கும் மலைச் சாலைக்கும் சீக்கிரம் ஆயில் மாற்றச் சொல்லி ஒரு பக்கம் இருக்கும். அந்தப் பக்கத்தை யாரும் புரட்டுவதில்லை. நான் ஆறு மாதத்துக்கு ஒருமுறை மாற்றுகிறேன், கிலோமீட்டர் எவ்வளவு காட்டினாலும் சரி.

'உனக்கு என்ன தெரியும்' என்று கேட்டவர்களுக்கும் சொல்கிறேன். 2007-இல் என் முதல் வண்டியில், மண்ணெண்ணெய் ஊற்றிக் கழுவினால் எஞ்சின் புதுசு மாதிரி ஆகிவிடும் என்று ஒருவர் சொன்னார். நம்பி ஊற்றினேன். ஒரே வாரத்தில் கிராங்க் சீலில், அதாவது ஆயில் வெளியே வராமல் தடுக்கும் ரப்பர் வளையத்தில், ஒழுகத் தொடங்கியது. சீல் எப்போதோ காய்ந்து போயிருந்தது, கசடுதான் அடைத்துக்கொண்டு நின்றிருக்கிறது. அப்புறம் அடியிலிருந்து டொக் டொக் என்று சத்தம். மண்ணெண்ணெய்க்கு ஆயிலைப் போல இடையில் நின்று தாங்கும் படலம் கிடையாது, பேரிங் தேய்ந்துவிட்டது. என் மனைவியின் வளையல் எட்டு மாதம் அடகில் இருந்தது. அப்போது குன்னூரில் ஒரு பெரியவர்தான் வண்டியைச் சரிசெய்து கொடுத்தார். அவர் சொன்னது இது: 'தம்பி, முதல்ல சேம்பரை இறக்கிப் பாரு. வலையைக் கழுவி மாட்டு. நல்ல ஆயிலா ஊத்து, ஆயிரத்தைந்நூறு கிலோமீட்டர்ல மாத்து. மறுபடி ஊத்து, மறுபடி மாத்து. அதுவே கழுவிடும்.' ஆயிலிலேயே அழுக்கைக் கழுவும் மருந்து இருக்கிறது, ஆனால் அது மெதுவாகத்தான் வேலை செய்யும். ஊற்றிய ஆயில் சீக்கிரம் கறுத்தால் பயப்பட வேண்டாம், அழுக்கைத் தூக்கி வைத்திருக்கிறது என்று அர்த்தம். அந்த வண்டி அதற்குப் பிறகு ஒன்றரை லட்சம் கிலோமீட்டர் ஓடியது.

அந்தப் பெரியவர் இப்போது இல்லை. அவரைத்தான் நீங்கள் 'பழைய காலத்து ஆள்' என்று எழுதினீர்கள்.

ஆயில் விஷயத்துக்கு வருகிறேன். 'மலை ஏறுகிற வண்டிக்கு 20டபிள்யூ-50 ஊற்றினால்தான் தாங்கும்' என்று கீழே சமவெளியில் இருந்து ஒருவர் எழுதியிருந்தார், அதற்கு நூறு பேர் லைக். டபிள்யூவுக்கு முன்னால் உள்ள எண் குளிரில் ஆயில் எப்படி ஓடும் என்பதைச் சொல்வது, பின்னால் உள்ள எண் எஞ்சின் சூடான பிறகு எவ்வளவு கெட்டியாக நிற்கும் என்பதைச் சொல்வது. 20டபிள்யூவைச் சோதிப்பது மைனஸ் 15 டிகிரியில், 5டபிள்யூவை மைனஸ் 30-இல். நம் ஊர் அவ்வளவு கீழே போகாது, அதனால் 20டபிள்யூ ஊற்றினாலும் ஸ்டார்ட் ஆகும். ஆனால் ஆயில் மேலே ஏறி கேம்ஷாஃப்ட்டை அடையும் வரைக்கும் உலோகத்தோடு உலோகம் உரசும். கெட்டியான ஆயிலுக்கு அந்த நேரம் கூடும். புத்தகத்தில் 0டபிள்யூ-20 அல்லது 5டபிள்யூ-30 போட்டிருக்கும் இன்றைய எஞ்சின்களில் ஆயில் ஓடும் வழி ரொம்பக் குறுகல். அதில் 20டபிள்யூ-50 ஊற்றச் சொல்கிறவர் அந்த வண்டிக்கு நல்லது செய்யவில்லை. தேய்ந்து ஆயில் குடிக்கிற பழைய எஞ்சினுக்கு ஒரு படி கெட்டியாகப் போகலாம், அதை ஒத்துக்கொள்கிறேன். டிபிஎஃப் (புகையில் உள்ள கரியைப் பிடிக்கும் வடிகட்டி) உள்ள டீசல் வண்டிக்குச் சாம்பல் குறைந்த ஆயில்தான் போட வேண்டும். மற்றபடி புத்தகத்தில் என்ன போட்டிருக்கிறதோ அதை ஊற்றுங்கள்.

'பெரிய கம்பெனிகளே ஃப்ளஷ் விற்கிறார்களே?' விற்கட்டும். முதல் நாளிலிருந்து ஒழுங்காக ஆயில் மாற்றிய எஞ்சினுக்கு அது கெடுதல் செய்யாது, அந்த எஞ்சினுக்கு அது தேவையும் இல்லை. செகண்ட் ஹேண்டில் வாங்கிய, முன்கதை தெரியாத வண்டியில்தான் ஆசைப்பட்டு ஊற்றுகிறோம். அங்கேதான் ஆபத்து. பார்க்காமல் ஊற்றாதீர்கள் என்பது இதற்குத்தான். சேம்பரை இறக்கிப் பார்க்க அரை நாள் வேலை. அதைச் செய்யாமல் டப்பாவைத் திறந்த பட்டறைக்காரரை ஒருவர்கூட ஒரு வார்த்தை கேட்கவில்லை. எல்லோரும் கேட்டது அண்ணனைத்தான்.

'சிவப்பு ஆயில் விளக்கு எரிந்ததும் ஏன் நிறுத்தவில்லை?' நியாயமான கேள்வி, நிறுத்தியிருக்க வேண்டும். ஆனால் ஆயில் பிரஷர் ஏறக்குறைய போன பிறகுதான் அந்த விளக்கு எரியும். வளைவு, ஏற்றம், பின்னால் ஹாரன் அடித்துக்கொண்டு ஒரு பஸ், ஒதுங்க இடம் இல்லை. இடம் கிடைக்கும் வரை இரண்டு நிமிடம் ஓட்டியிருக்கிறார். அந்த ரோட்டில் ஒரு தடவை ஏறிப் பார்த்துவிட்டு வந்து இந்தக் கேள்வியைக் கேளுங்கள்.

22 வருஷமாக அவர் அந்தப் பதினாலு கொண்டை ஊசி வளைவிலும் ஏறி இறங்குகிறார். கேத்தியில் எத்தனை பேரின் கேரட்டும் பீட்ரூட்டும் அந்த ஆம்னியில் மண்டிக்குப் போயிருக்கிறது தெரியுமா? என் அப்பாவுக்கு நெஞ்சுவலி வந்த ராத்திரி, மழையில் அவரைக் கோயம்புத்தூருக்குக் கொண்டு போய்ச் சேர்த்தது அந்த வண்டிதான், அந்த அண்ணன்தான். டீசல் காசுகூட வாங்கவில்லை என்று எழுத வந்து, அது பெட்ரோல் வண்டி என்று இப்போதுதான் நினைவு வருகிறது. மனசு அப்படித்தான் இருக்கிறது.

'ஓட்டத் தெரியாதவனுக்கெல்லாம் எதுக்கு வண்டி' என்று நேற்று எழுதியவருக்கு: என்னை என்ன வேண்டுமானாலும் சொல்லுங்கள், பதில் சொல்கிறேன். அந்த ஒரு கமெண்டை மட்டும் எடுத்துவிடுங்கள். அவர் மகள் காலேஜ் ஹாஸ்டலில் இருந்து அதைப் படித்துவிட்டு, இன்று காலையில் எனக்கு போன் செய்தாள்.