சின்ன சர்வே என்றாலும் அனுமதி வேண்டும்

“உளவியல் இளங்கலை மாணவர்கள் கோடை விடுமுறையில் செய்வது வெறும் கூகுள் ஃபார்ம் சர்வே. வழிகாட்டும் பேராசிரியர் சரி என்றால் போதும், பங்கேற்பவர்களின் பாதுகாப்பைப் பார்த்து அனுமதி தரும் நெறிமுறைக் குழு எல்லாம் மருத்துவ ஆய்வுக்குத்தான்” என்று ஒரு நண்பர் எழுதியிருக்கிறார். இது தவறு. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் (ஐசிஎம்ஆர்) 2017-இல் வெளியிட்ட வழிகாட்டு நெறிகள், உடல்நலம், மனநலம் தொடர்பான சமூக, நடத்தை ஆய்வுகளுக்கும் பொருந்தும். ஆபத்து குறைவு என்றால் விலக்கு கிடைக்கலாம். ஆனால் அதை முடிவு செய்வது குழு, பேராசிரியர் அல்ல.

மனச்சோர்வை அளக்கப் பலரும் எடுக்கும் பிஎச்க்யூ-9 என்ற ஒன்பது கேள்வி வினாத்தாளையே பாருங்கள். அதன் ஒன்பதாவது கேள்வி, செத்துப்போகலாம் என்ற எண்ணம் வருகிறதா என்று கேட்கிறது. தாம்பரத்தில் ஒரு விடுதி அறையில் நள்ளிரவில் ஒரு பிள்ளை ‘ஏறக்குறைய தினமும்’ என்று டிக் செய்தால் யார் கவனிப்பது? பெயர் கேட்காத ஃபார்ம் என்றால் தேடிப் போகவும் முடியாது. அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸின் 14416-ஐயாவது அதில் போட வேண்டாமா? குழு கேட்பது இதைத்தான்.

அப்புறம், முதலாம் ஆண்டில் 17 வயதுப் பிள்ளைகளும் இருப்பார்கள். அவர்களுக்குப் பெற்றோர் சம்மதமும் வேண்டும்.

குழு கூடுவதற்குள் மே மாதமே போய்விடும் என்ற அந்த நண்பரின் கவலை நியாயம்தான். அதற்கு, ஏற்கெனவே அனுமதி பெற்ற பேராசிரியரின் ஆய்வில், குழுவுக்குத் தெரிவித்துவிட்டுச் சேரலாம். இல்லையென்றால் வெளிவந்த ஆய்வுகளைத் தொகுத்து ஆராயலாம். அதில் யாரையும் ஃபார்ம் நிரப்பச் சொல்ல வேண்டியதில்லை.