கிளையண்ட் கொடுத்தால்தான் எனக்குச் சம்பளமா?

ஏஜென்சி வழியாக ஒப்பந்த வேலை செய்யும் நாலு பேர் ஒன்றாகச் சேர்ந்தால் முதலில் வருவது கமிஷன் புலம்பல்தான். "உழைக்கிறது நான், தின்கிறது அவன்" என்று ஆரம்பிப்பார்கள். எனக்கு அந்தக் கோபம் அவ்வளவாக இல்லை. வேலை பிடித்துத் தருகிறவர் சும்மா பிடித்துத் தரமாட்டார். எவ்வளவு எடுக்கிறார் என்பதைவிட எதற்காக எடுக்கிறார் என்பதுதான் என் கேள்வி. அதை யாரும் கேட்பதாகத் தெரியவில்லை.

எனக்கு 100 கொடுத்துவிட்டு ஏஜென்சி கிளையண்டிடம், அதாவது நான் வேலை செய்யும் நிறுவனத்திடம், 125 வாங்குகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அவர்களிடம் கேட்டால் "எங்கள் மார்ஜின் 20 சதவீதம்தான்" என்பார்கள். நமக்கோ அது 25 ஆகத் தெரியும். இரண்டும் சரிதான், அவர்கள் 125க்குக் கணக்குப் போடுகிறார்கள், நாம் 100க்குப் போடுகிறோம். சரி, அந்த 25 எதற்கு? ஆள் தேடுகிற வேலை, நேர்காணல் ஏற்பாடு, காகித வேலை எல்லாம் உண்டு. ஆனால் இவை பெரும்பாலும் ஆரம்பத்தில் ஒரு தடவை செய்கிற வேலைகள். கமிஷனோ நான் அங்கே இருக்கும்வரை மாதாமாதம் போகிறது.

மாதாமாதம் கமிஷன் வாங்குவதற்கு நியாயமான காரணம் ஒன்று உண்டு. கிளையண்ட் நிறுவனங்கள் உடனே பணம் தருவதில்லை. 30 நாள், 60 நாள், சில பெரிய நிறுவனங்கள் 90 நாள் என்று இழுக்கும். வேலை செய்தவருக்கு அதுவரை காத்திருக்க முடியாது. நடுவில் நிற்கும் ஏஜென்சி தன் கையிலிருந்து நமக்குக் கொடுத்துவிட்டு, கிளையண்டிடம் பிறகு வாங்கிக்கொள்ளும். இதற்காகவே பல ஏஜென்சிகள் தங்கள் இன்வாய்ஸ்களை (கிளையண்டுக்குப் போட்ட பில்களை) வங்கியிடமோ நிதி நிறுவனத்திடமோ காட்டி, பெரும்பகுதியை முன்கூட்டியே வாங்குகின்றன. அதற்கு வட்டி உண்டு. கிளையண்ட் கையை விரித்தால் நஷ்டமும் அவர்களுடையது. அந்த ரிஸ்கைத் தலையில் ஏற்றிக்கொள்கிறவருக்கு 25 கொடுக்கலாம், தாராளமாகக் கொடுக்கலாம்.

ஆனால் ஒப்பந்தத்தைக் கொஞ்சம் நிதானமாகப் படித்துப் பாருங்கள். ரேட் முதல் பக்கத்திலேயே கொட்டை எழுத்தில் இருக்கும். உள்ளே எங்கேயோ, காப்பீடு, ரகசியக் காப்பு எல்லாம் தாண்டி, ஒரு வரி கிடக்கும்: கிளையண்டிடமிருந்து தொகை வந்து சேர்ந்த பிறகு இத்தனை நாட்களுக்குள் ஒப்பந்தக்காரருக்கு வழங்கப்படும். அந்த ஒரு வரியில் மொத்த ரிஸ்கும் என் தலைக்கு மாறிவிடுகிறது. கிளையண்டுக்கு இரண்டு மாதம் கடன் கொடுப்பது இப்போது நான். அப்படிக் கொடுப்பதற்கு ஏஜென்சிக்குக் கமிஷனும் என் உழைப்பிலிருந்தே போகிறது. கிளையண்ட் திவாலானால் ஏஜென்சிக்கு நஷ்டம் 25, எனக்கு நஷ்டம் 100. அப்புறம் அந்த 25 எதற்கு?

இதைக் குதர்க்கம் என்று நினைக்க வேண்டாம். பிரிட்டனில் 2003ஆம் ஆண்டின் ஏஜென்சி விதிமுறைகள் இதையேதான் தடுக்கின்றன. கிளையண்ட் இன்னும் பணம் தரவில்லை என்ற காரணத்தைச் சொல்லி, வேலை செய்தவரின் பணத்தை ஏஜென்சி நிறுத்திவைக்கக் கூடாது. கிளையண்ட் கையெழுத்திட்ட டைம்ஷீட் (வேலை செய்த மணிக்கணக்கு) இல்லை என்பதும் தனிக் காரணமாகாது. வேலை நடந்ததா என்று ஏஜென்சி வேறு வழியில் விசாரித்துக்கொள்ளலாம். அதே விதிமுறைகளில் ஓட்டையும் ஒன்று இருக்கிறது. சொந்தக் கம்பெனி வைத்து அதன் பெயரில் வேலை செய்பவர்கள், "இந்தப் பாதுகாப்பு எனக்கு வேண்டாம்" என்று எழுதிக் கொடுத்து விலகிக்கொள்ளலாம். பாதுகாப்பு வேண்டாம் என்று யாராவது தானாகப் போய் எழுதிக் கொடுப்பார்களா? சேரும்போது நீட்டுகிற காகிதக் கட்டில் அதுவும் ஒன்றாக வந்துவிடும். சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 1997ஆம் ஆண்டு உடன்படிக்கை, தனியார் ஏஜென்சிகள் தொழிலாளரிடம் நேரடியாகவோ மறைமுகமாகவோ கட்டணம் வாங்கக் கூடாது என்கிறது, விதிவிலக்குகள் உண்டு. என்னிடம் யாரும் கட்டணம் கேட்கவில்லைதான். வட்டியில்லாக் கடன் மட்டும் கேட்கிறார்கள்.

டைம்ஷீட் கூத்தையும் சொல்லிவிடுகிறேன். மாதக் கடைசியில் மணிக்கணக்கை ஏற்றுவேன். மேனேஜர் ஒப்புதல் கொடுக்க வேண்டும். அவர் விடுமுறையில் இருப்பார், அவருக்குப் பதில் ஒப்புதல் கொடுப்பவர் யார் என்று யாருக்கும் தெரியாது. திரையில் "நிலுவை" என்ற சொல் ஆரஞ்சு நிறத்தில் நின்றுகொண்டிருக்கும். ஒப்புதல் வராமல் இன்வாய்ஸ் போட முடியாது, இன்வாய்ஸ் போடாமல் நாள் கணக்கே ஆரம்பிக்காது. ஆகவே 30 நாள் என்பது எந்த நாளிலிருந்து 30 நாள் என்பதை நம்மைத் தவிர மற்ற எல்லோரும் முடிவு செய்வார்கள். சேருவதற்கு முன்னால் ஒரே நாளில் மூன்று தடவை கூப்பிட்ட ரெக்ரூட்டர் இப்போது மீட்டிங்கில் இருப்பார். கடைசியில் மேனேஜர் திரும்பி வந்து ஒப்புதலும் கொடுத்துவிடுவார். ஏஜென்சியின் கணக்குப் பிரிவு "இந்த மாத சுற்று முடிந்துவிட்டது" என்று சொல்லும். சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்க வேண்டுமே.

இவ்வளவுக்கும் ஒப்பந்தத்தில் என் பெயர் "சுயாதீன ஒப்பந்தக்காரர்". எப்போது வரவேண்டும், எந்த லேப்டாப்பில் வேலை செய்ய வேண்டும், காலை மீட்டிங்கில் எத்தனை மணிக்குத் தலையைக் காட்ட வேண்டும் என்பதெல்லாம் அவர்கள் முடிவு. விடுமுறைச் சம்பளம், நோய்க்கால ஊதியம், ஓய்வூதியம் என்று வரும்போது மட்டும் நான் சுயாதீனம். இந்த இரட்டை வேடத்தை அரசுகள் கவனிக்காமல் இல்லை. சொந்தக் கம்பெனி பெயரில் வேலை செய்தாலும் உண்மையில் ஊழியரைப் போலவே இருப்பவருக்கு ஊழியருக்கான வரியைப் போடும் ஐஆர்35 என்ற வரிவிதி, பிரிட்டனில் 2000ஆம் ஆண்டிலிருந்தே இருக்கிறது. 2021 ஏப்ரலிலிருந்து, நடுத்தர, பெரிய தனியார் நிறுவனங்களில் வேலை செய்பவர் அந்த விதிக்குள் வருகிறாரா இல்லையா என்று தீர்மானிக்கும் பொறுப்பு கிளையண்ட் தலையில். கலிஃபோர்னியாவில் 2020 தொடக்கத்தில் வந்த சட்டம், "இவர் சுயாதீனம்தான்" என்று நிரூபிக்கும் சுமையை வேலை வாங்குகிறவரிடமே வைத்தது. என்னை ஊழியராக ஆக்கிவிடுங்கள் என்று நான் கேட்கவில்லை, எனக்கு இந்த வாழ்க்கை பிடித்திருக்கிறது. வியாபாரி என்று கூப்பிடுகிறீர்கள், வியாபாரிக்கான மரியாதையைக் கொடுங்கள் என்கிறேன். ஐரோப்பிய ஒன்றியத்தின் தாமதமாகப் பணம் தருவது பற்றிய 2011ஆம் ஆண்டு உத்தரவுப்படி, நிறுவனங்களுக்கு இடையில் பணம் கொடுக்கும் கெடு 60 நாளைத் தாண்டக் கூடாது. தாண்டுவதென்றால் வெளிப்படையாக ஒப்புக்கொண்டிருக்க வேண்டும், அதுவும் ஒரு தரப்பை அப்பட்டமாக நசுக்குவதாக இருக்கக் கூடாது.

மற்ற சில்லறைத் தொல்லைகளை நான் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. ஒரு வருடம் வரை நேரடியாக அந்தக் கிளையண்டிடம் சேரக் கூடாது என்கிற நிபந்தனை நியாயம்தான், அறிமுகம் அவர்களுடையது. என் சுயவிவரத்தில் என் தொலைபேசி எண்ணை எடுத்துவிட்டுத் தங்கள் லோகோவைப் போடுவதும் சரி. (எனக்குத் தெரியாத மென்பொருளில் ஐந்து வருட அனுபவம் சேர்த்தது மட்டும் சரியில்லை. நேர்காணலில்தான் அந்த மென்பொருளின் பெயரையே முதன்முதலில் கேட்டேன்.) ஒரே வேலைக்கு இரண்டு ஏஜென்சி உங்கள் பெயரை அனுப்பினால், தகராறு வேண்டாம் என்று கிளையண்ட் சில சமயம் இரண்டையும் ஓரம் கட்டிவிடும். அதனால் எந்த வேலைக்கு யாருக்குச் சம்மதம் சொன்னீர்கள் என்பதை மின்னஞ்சலில் வைத்துக்கொள்ளுங்கள்.

"இதெல்லாம் பேசினால் அடுத்த ஆளைப் பார்த்துக்கொள்வார்கள்" என்று நண்பர்கள் சொல்வார்கள். முதல் அழைப்பிலேயே பேசினால் பார்த்துக்கொள்வார்கள்தான். பேச வேண்டிய நேரம், கிளையண்ட் உங்களைத் தேர்ந்தெடுத்த பிறகு, நீங்கள் கையெழுத்துப் போடுவதற்கு முன். அந்த இரண்டு மூன்று நாட்களில் ஏஜென்சிக்கு உங்களை இழப்பது கையில் வந்த வருமானத்தை இழப்பது. அப்போது ரேட்டில் இன்னும் கொஞ்சம் ஏற்றிக் கேட்பதைவிட அந்த ஒரு வரியை மாற்றச் சொல்லிக் கேட்பதுதான் என் பழக்கம். முதலில் கேட்பது: வேலை செய்த மாதம் முடிந்த நாளிலிருந்து 30 நாள், கிளையண்ட் கொடுத்தாலும் கொடுக்காவிட்டாலும். முடியாது என்றால்: கிளையண்ட் கொடுத்தவுடன், அல்லது 45 நாள், எது முதலில் வருகிறதோ அது. அதற்கும் முடியாது என்றால், ரிஸ்க் என்னுடையது என்பதால் மார்ஜினில் எனக்கு எவ்வளவு விட்டுத் தருவீர்கள் என்று கேட்பேன். சிலர் மேலிடத்தில் கேட்டுவிட்டு வந்து மாற்றிக் கொடுத்திருக்கிறார்கள். ஒருவர், "இதுவரை யாரும் இதைக் கேட்டதில்லையே" என்று உண்மையாகவே ஆச்சரியப்பட்டார். இன்னொருவர் மறுபடி கூப்பிடவே இல்லை. அந்த வேலை எனக்குப் போனது போனதுதான்.