அம்மாவுக்கு விளங்காத ஈரான் படம்

திரைப்பட விழா ஒன்று முடிந்தால் போதும், யாருக்கு விருது கொடுத்தது சரி, யாருக்குக் கொடுக்காமல் விட்டது அநியாயம் என்று முகநூலில் நாலு நாளைக்குச் சண்டை நடக்கும். நானும் அதில் மூக்கை நுழைக்கிற ஆள்தான். ஆனால் இந்த முறை விருதைப் பற்றிக் கதைக்க முதல் தமிழ் உபதலைப்பை (சப்டைட்டிலை)ப் பற்றி ஒன்று சொல்லவேண்டிக் கிடக்கிறது.

சில வருடங்களுக்கு முன்னர் அம்மாவை ஒரு திரையிடலுக்குக் கூட்டிக்கொண்டு போனேன். ஈரான் படம். அம்மாவுக்கு எழுபது தாண்டிவிட்டது, ஆனால் படம் என்றால் இன்னும் முழங்கால் வலி மறந்துபோகும். யாழ்ப்பாணத்தில் ராணி, வின்சர், ரீகல், மனோகரா என்று தியேட்டர் தியேட்டராக ஏறி இறங்கிய தலைமுறை. தொண்ணூறுகளில் ஊரில் கரண்ட் இல்லாதபோது, ஒழுங்கைச் சனமெல்லாம் காசு சேர்த்து ஜெனரேட்டரும் டெக்கும் வாடகைக்குப் பிடித்து விடிய விடியப் படம் பார்த்ததை இன்றைக்கும் கதை கதையாகச் சொல்லுவார்.

முதல் பத்து நிமிடம் நன்றாகத்தான் போனது. ஒரு பிள்ளை சமையலறையில் நின்று தாயோடு கதைக்கிறாள். அம்மா என் காதுக்குள், "பெடிச்சி பொய் சொல்லுறாள், முகத்திலயே தெரியுது" என்றார். சரியாகத்தான் சொன்னார். அதற்குப் பிறகு கதை பேச்சில் ஏறிவிட்டது. "என்னவாம் பிள்ளை?" "இப்ப என்னவாம்?" நான் ஒரு வரியைத் தமிழில் சொல்லி முடிக்க முன்னம் திரையின் அடியில் ஆங்கிலத்தில் மூன்று வரி ஓடிவிடும். முன்வரிசைப் பெடியன் ஒருவன் இரண்டு தரம் திரும்பிப் பார்த்தான். அவனிலும் பிழை இல்லை. கொஞ்ச நேரத்தில் அம்மா கேட்பதை விட்டுவிட்டார். கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு கடைசிவரை பேசாமல் இருந்தார். வீட்டுக்கு வரும்போது ஓட்டோவுக்குள் சொன்னார்: "படம் நல்லம். என்னத்தைக் கதைச்சவை எண்டுதான் தெரியேல்லை."

இதற்கு விழா நடத்துகிறவர்களைக் குற்றம் சொல்ல நான் வரவில்லை. ஒரு படம் விழா விழாவாகப் போகும்போது ஆங்கில உபதலைப்போடுதான் போகிறது. பாரசீகமோ கொரியனோ, படம் எடுத்தவர்கள் வெளியூருக்கென்று முதலில் செய்து வைப்பது அதைத்தான். 2015இல் திரைப்பட இயக்குநர் அனோமா ராஜகருணா யாழ்ப்பாணத்தில் சர்வதேசத் திரைப்பட விழாவைத் தொடங்கியபோது, இந்த ஊரில் இப்படியொன்று நடக்கும் என்று எங்களில் எத்தனை பேர் நினைத்திருப்போம்? உலகப் படங்களை இங்கே கொண்டுவந்து இறக்குவதே பெரிய வேலை. அதை வாசித்து விளங்குவது எங்கட பாடு என்று நாங்கள் சும்மா இருந்துவிட்டோம். நான் சொல்லவந்தது இந்தச் சும்மா இருத்தலைத்தான்.

அதே 2015இல், மே மாதம், பிரான்ஸின் கான்ஸ் விழாவில் ஆக உயர்ந்த விருதான தங்கப்பனை வாங்கிய படம் எது தெரியுமா? 'தீபன்'. இயக்கியவர் பிரெஞ்சுக்காரர் ஜாக் ஓடியார். முக்கிய பாத்திரத்தில் எங்கட தீவகத்து அல்லைப்பிட்டி எழுத்தாளர் ஷோபாசக்தி. படத்தின் பெரும்பகுதி தமிழில். படத்தைப் பற்றி ஆயிரம் விமர்சனம் இருக்கலாம், எனக்கும் அந்த முடிவு பிடிக்கவில்லை. ஆனால் அமெரிக்க இயக்குநர்களான கோயன் சகோதரர்கள் தலைமையிலான நடுவர் குழு, மெக்சிக்கோ இயக்குநர் கில்லெர்மோ டெல் டோரோ உட்பட, ஒரு தீவகத்தான் பேசுகிற தமிழை உபதலைப்பில் வாசித்துத்தான் அந்த விருதைக் கொடுத்தது. எங்கட பேச்சை விளங்கிக்கொள்ள அவர்களுக்கு அவர்களின் மொழியில் வரி ஓடியது. அவர்களின் பேச்சை நாங்கள் விளங்கிக்கொள்ள மட்டும் இன்னொருவரின் மொழி வேண்டுமா?

இதைவிட நெஞ்சைக் குடைகிற விசயம் சிங்களப் படம். 1965இல் இந்தியாவின் சர்வதேச விழாவில் ஆக உயர்ந்த விருதான தங்கமயில் வாங்கியது லெஸ்டர் ஜேம்ஸ் பீரிஸின் 'கம்பெரலிய'. அப்படிப்பட்ட படங்களைக்கூட யாழ்ப்பாணத்தில் இருந்து பார்க்கிற நான் ஆங்கில வரியைத்தான் நம்பியிருக்கிறேன். பக்கத்து வீட்டுக்காரன் வேலிக்கு மேலால் சொல்வதை லண்டனுக்குப் போன் எடுத்துக் கேட்பது மாதிரி. இத்தனைக்கும் தர்மசேன பத்திராஜ என்ற சிங்கள இயக்குநர் எழுபதுகளிலேயே இங்கே வந்து நின்று, காவலூர் ராஜதுரையின் எழுத்தில், 'பொன்மணி'யைத் தமிழில் எடுத்துவிட்டுப் போனவர். அந்த மனிசன் வேலியைத் தாண்டி எங்கட மொழிக்குள்ளேயே வந்தார்.

உபதலைப்பு எழுதுவது லேசான வேலை இல்லைத்தான். திரையில் இரண்டு வரிதான் கொள்ளும். கண் வாசித்துவிட்டு முகத்துக்குத் திரும்பிப் போகவும் நேரம் கொடுக்கவேண்டும். தமிழ்ச் சொல்லோ நீளம், 'போய்க்கொண்டிருக்கிறார்கள்' என்று எழுதினாலே அரை வரி போய்விடும். அதனால் சொன்னதை எல்லாம் பெயர்க்காமல், சொல்லவந்ததை மட்டும் எடுக்கவேண்டும். 2019இல் தங்கப்பனை வாங்கிய 'பாரசைட்'டில் இரண்டு வகை உடனடி நூடில்ஸைக் கலந்து செய்கிற ஒரு சாப்பாடு வரும். அதன் கொரியப் பெயர் வெளியில் யாருக்கும் விளங்காது என்று, ஆங்கில உபதலைப்பு எழுதிய டார்சி பாக்கெட் 'ராமென்', 'ஊடோன்' இரண்டையும் ஒட்டிப் புதுச்சொல்லே உண்டாக்கினார். சியோல் தேசியப் பல்கலைக்கழகம் ஒக்ஸ்போர்ட் ஆனது. இதே படத்துக்கு யாழ்ப்பாணத்தில் இருந்து ஒருவர் தமிழ் எழுதியிருந்தால் அந்தச் சாப்பாட்டை என்னவென்று போட்டிருப்பார் என்று நான் பலநாள் யோசித்திருக்கிறேன். கொத்து என்று போட ஆசைதான், ஆனால் அது களவு.

படத்தின் மேலேயே எழுத்தைப் பதிக்கவேண்டும் என்றும் இல்லை. கான்ஸிலும் வெனிஸிலும் படத்தில் ஒரு மொழி ஓடும், திரைக்குக் கீழே தனிப் பட்டையில் இன்னொரு மொழி ஓடும். எங்களுக்கு ஒரு சின்ன புரொஜெக்டர், ஒரு மடிக்கணினி, வரிக்கு வரி பட்டனை அமத்தப் பொறுமையுள்ள ஒரு ஆள் போதும். மொழி தெரிந்த ஆளுக்கும் இங்கே பஞ்சமில்லை. பாரிஸில் இருபது வருடம் இருந்துவிட்டு வந்த மாமா, ஒஸ்லோவில் பிறந்து ஆடி ஆவணியில் நல்லூர்த் திருவிழாவுக்கு வருகிற மருமகள், பேர்லினில் இருக்கிற சித்தி என்று ஒவ்வொரு வீட்டிலும் ஒருவர் இருக்கிறார். பிரெஞ்சிலும் ஜெர்மனிலும் இருந்து நேரே தமிழுக்கு வர வழி இருக்கும்போது ஏன் ஆங்கிலத்தைச் சுற்றி வரவேண்டும்?

இனி விருதுக்கு வருகிறேன். ரொறன்ரோ விழாவில் ஆகப் பெரிதாகப் பேசப்படுவது நடுவர் கொடுக்கிற விருது இல்லை, படம் பார்த்த சனம் வாக்குப் போட்டுத் தெரிகிற விருது. 1978இல் இருந்து கொடுக்கிறார்கள். எனக்கு யாழ்ப்பாணத்திலும் அப்படியொன்றைப் பார்க்க ஆசை. குருநகர் மீன்காரரும் திருநெல்வேலிச் சந்தையில் மரக்கறி விற்கிறவரும் வாக்குப் போட்டு ஒரு துருக்கிப் படத்தைத் தெரிந்தால் எப்படி இருக்கும்! ஆனால் விளங்காத படத்துக்கு வாக்குப் போடு என்று யாரையும் கேட்க முடியாது.

நான் ஒரு குறும்படத்துக்குத் தமிழ் உபதலைப்பு எழுதித் தொடங்குகிறேன். பன்னிரண்டு நிமிடம், ஆங்கிலத்தில் இருந்து. வேறு மொழி தெரிந்தவர்கள் உள்பெட்டிக்கு வாருங்கோ. எழுத்துப்பிழை பார்க்கத் தமிழ் வாத்திமாரும் தேவை, சண்டை பிடிக்காமல் திருத்துவார்கள் என்றால்.

நேற்று அம்மாவிடம், அடுத்த முறை வருவீங்களோ என்று கேட்டேன். "தமிழில எழுதிப் போடுவினமெண்டால் வாறன்" என்றார். பிறகு கொஞ்சம் யோசித்துவிட்டு, "எழுத்தைப் பெரிசாப் போடச் சொல்லு" என்றார்.