கல்லூரிச் செய்தி மட்டும் போதுமாம்

கேரளத்தில், பாலக்காடு மாவட்டத்துச் சித்தூர் தாலுகாவில் ஒரு கல்லூரிப் பிள்ளைகள் மாதாமாதம் தமிழில் ஒரு பத்திரிகை போடுகிறார்கள். ஒரே ஒரு ஏ3 தாள். மடித்தால் நாலு பக்கம். செல்போனிலேயே டைப் அடித்து, கொழிஞ்சாம்பாறையில் ஜெராக்ஸ் எடுத்து, கேன்டீன் வாசலில் கொடுக்கிறார்கள். போன வாரம் ஆசிரியர் குழுவில் இருக்கும் பெண் போன் செய்தாள். "ஏனுங்கண்ணா, இனிமே காலேஜ் நியூஸ் மட்டும் போட்டாப் போதும், நாட்டு நடப்பெல்லாம் பெரிய பேப்பர்காரங்க பாத்துக்குவாங்கன்னு காலேஜ் நிர்வாகத்துல சொல்லிட்டாங்க" என்றாள்.

எனக்கு இது சரியாகப் படவில்லை.

எந்தப் பேப்பர்காரர்கள் பார்த்துக்கொள்வார்கள்? எங்கள் பக்கத்து டீக்கடைக்கு வரும் தமிழ்ப் பேப்பர் கோவைப் பதிப்பு, மலையாளப் பேப்பர் பாலக்காட்டுப் பதிப்பு. தமிழ்நாட்டிலிருந்து கேரளத்துக்கு ஓடிவரும் ஆழியாற்றின் தண்ணீர்ப் பிரச்சினை கிளம்பும்போது இரண்டையும் அடுத்தடுத்துப் படித்துப் பாருங்கள். ஒன்றில் பொள்ளாச்சி விவசாயிக்குத் தண்ணீர் போதவில்லை, மற்றதில் சித்தூர் விவசாயிக்கு வந்து சேரவில்லை. இரண்டுமே உண்மையாக இருக்கலாம். ஆனால் இரண்டு பேரையும் ஒரே பக்கத்தில் உட்கார வைத்தது நான் பார்த்தவரையில் இந்த ஜெராக்ஸ் தாள்தான்.

அந்த இதழ் இப்போதும் என்னிடம் இருக்கிறது. பரம்பிக்குளம்–ஆழியாறு ஒப்பந்தம் 1970-இல் கையெழுத்தானது, எல்லையோரம் இருக்கும் மணக்கடவில் ஆண்டுக்கு 7.25 டிஎம்சி (ஒரு டிஎம்சி நூறு கோடி கன அடி) தண்ணீரைத் தமிழ்நாடு கேரளத்துக்குத் தர வேண்டும் என்பதை முதல் பத்தியிலேயே சொல்லிவிட்டார்கள். கீழே இடப்பக்கம், மூலத்தறை வலதுகரை வாய்க்கால் ஓரம் தென்னந்தோப்பு வைத்திருக்கும் ஒரு மாணவனின் அப்பா பேசுகிறார். வலப்பக்கம் ஆனைமலையில் இருக்கும் அவருடைய சொந்த மச்சான். இரண்டு பேருக்கும் ஒரே மனக்குறை, ஒரே கோபம். எழுதிய பையன் பஸ் ஏறி மணக்கடவுக்கே போய், தடுப்பணையில் நின்று பார்த்துவிட்டு வந்திருக்கிறான். இரண்டு மாநில அரசுகள் பேசும் விஷயம் அவன் வீட்டுக் கல்யாணப் பந்தியில் பேசும் விஷயமும்தானே? இதில் எது கல்லூரிச் செய்தி, எது நாட்டு நடப்பு என்று எங்கே கோடு போடுவது?

2024 ஜூன் 18 அன்று, கல்லூரி ஆசிரியர் வேலைக்கான தகுதித் தேர்வான யுஜிசி நெட் நடந்தது. நாடு முழுக்க 9 லட்சத்துக்கும் மேல் எழுதினார்கள். மறுநாளே ரத்து. அது டெல்லிச் செய்திதான். ஆனால் எங்கள் தமிழ்த்துறையில் எம்.ஏ. முடித்துவிட்டு, கோவைக்கு விடியற்காலை பஸ் பிடித்துப் போய்த் தேர்வு எழுதி வந்த பெண்களுக்கு அது வீட்டுச் செய்தி. "அடுத்த தடவை எழுதிக்கலாம்" என்று சொன்ன வீடுகளும் உண்டு, "படிச்சது போதும்" என்று மாப்பிள்ளை பார்க்கத் தொடங்கிய வீடுகளும் உண்டு. இதைப் பெரிய பேப்பர் எழுதாது. கூடப் படித்தவர்கள்தான் எழுத முடியும்.

பிளாச்சிமடை எங்கள் தாலுகாதான். 2002 ஏப்ரலில் கொக்கோ கோலா ஆலைக்கு எதிரே பந்தல் போட்டு உட்கார்ந்தவர்கள் கிணறு கெட்டுப்போன ஆதிவாசி மக்கள். அந்தப் போராட்டத்தை முன்னின்று நடத்திய மயிலம்மாவை உலகமே பிறகு தெரிந்துகொண்டது. 2004 மார்ச்சில் ஆலை நின்றது, ஆலை இருந்த பெருமாட்டி பஞ்சாயத்தின் வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. முதலில் அது ஒரு காலனிக் கிணற்றுச் செய்திதான்.

நிர்வாகத்துக்குப் பயம் இருக்கலாம், புரிகிறது. கட்சிச் சண்டை வகுப்புக்குள் வந்துவிடும் என்ற கவலை கேரளத்துக் கல்லூரிகளில் இல்லாத கவலை இல்லை. அப்படியானால் தவறான தகவல் வராமல் பார்க்க ஓர் ஆசிரியரைக் கூட உட்கார வையுங்கள், மறுப்பு வந்தால் அதே அளவில் போடச் சொல்லுங்கள். பக்கத்தையே எடுத்துவிட்டால் ஓணம் பூக்களப் போட்டியும் விளையாட்டு விழாவும் மட்டும்தான் மிஞ்சும். அவையும் வேண்டும், அவை மட்டும் போதாது.

அடுத்த இதழுக்கு நான்காண்டுப் பட்டப்படிப்பு பற்றி முதலாண்டுப் பிள்ளைகளிடம் பேட்டி எடுத்து வைத்திருக்கிறார்கள். அது அச்சாக வேண்டும். அங்கே படித்த பழைய மாணவர்கள் இதைப் படித்தால், கல்லூரி முதல்வருக்கு ஒரு கடிதம் எழுதுங்கள். மரியாதையாக, பெயர் போட்டு, படித்த வருடம் போட்டு எழுதுங்கள். நான் நேற்றே தபாலில் சேர்த்துவிட்டேன்.